ஒரே மலையில் இத்தனை காடுகள் ஏன்? நீலகிரிச் சோலைகளை முன்வைத்து ஓர் எளிய அறிமுகம்

மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்கு ஏறும் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. புறப்படும் இடம் சுமார் 1,000 மீட்டர் உயரம், போய்ச் சேரும் இடம் 2,240 மீட்டர். கீழே வேலமும் உசிலையும் முட்புதர்களுமாக நிற்கும் வறண்ட காடு. வளைவுகள் ஏற ஏற முட்கள் குறைந்து, சரிவெங்கும் இலையுதிர் மரங்கள் சிதறி நிற்கும். தலைக்குந்தா வருவதற்குள் காற்றில் குளிர் ஏறிவிடும். அங்கே நம்மை வரவேற்பவை மனிதர்கள் நட்ட கற்பூர மரங்களும் (யூகலிப்டஸ்) பைன் மரங்களும். இந்த மலையின் சொந்தக் காட்டைப் பார்க்க இன்னும் மேற்கே, அவலாஞ்சி, அப்பர் பவானி பக்கம் போக வேண்டும். மடிப்பு மடிப்பாக விரியும் புல்வெளி. அதன் பள்ளங்களில் மட்டும் கரும்பச்சையாக அடர்ந்து கிடக்கும் சோலை.

ஒரே பகலில், ஒரே மலையில், இத்தனை வகைக் காடுகள். ஏன்? உயரம் கூடினால் குளிர் கூடும், குளிர் கூடினால் செடிகள் மாறும் என்று பள்ளியில் படித்திருப்போம். அது சரியான பதில்தான், ஆனால் பாதிப் பதில். சோலையின் ஓரத்தில் போய் நின்றால் அது போதாது என்று தெரிந்துவிடும். புல்வெளியும் சோலையும் ஒரே உயரத்தில் இருக்கின்றன, இரண்டின்மேலும் ஒரே மழை பெய்கிறது. பத்தடி தள்ளினால் ஒரு மரம்கூட இல்லை. பத்தடி உள்ளே வந்தால் வெயில் தரையைத் தொடுவதில்லை. இந்த எல்லையை வரைந்தது எது என்று புரிந்துகொண்டால், வெப்பமண்டல மலைகளின் மேகக்காடுகள் எப்படி இயங்குகின்றன என்பதில் பெரும்பகுதி புரிந்துவிடும்.

தாவரச் சமூகம் என்றால் என்ன?

ஒரே வகையான சூழலில் சேர்ந்து வாழும் தாவரங்களின் கூட்டத்தைத் தாவரச் சமூகம் என்கிறார்கள். மரம், புதர், கொடி, புல், பாசி எல்லாம் அதில் அடக்கம். எந்தெந்த இனங்கள் இருக்கின்றன, எது எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு உயரம் வளர்கிறது என்பவற்றை வைத்து ஒரு சமூகத்தை இன்னொன்றிலிருந்து பிரித்துச் சொல்கிறார்கள்.

மலையில் தாவரங்கள் பட்டை பட்டையாக மாறுவதைப் பெரிய அளவில் படம் போட்டுக் காட்டியவர் ஜெர்மானிய அறிஞர் அலெக்சாண்டர் ஃபான் ஹும்போல்ட். 1802-இல் ஈக்வடாரின் சிம்போராசோ மலையில் ஏறிய அவர், எந்த உயரத்தில் எந்தச் செடி வளர்கிறது என்பதை ஒரே படத்தில் அடுக்கிக் காட்டினார். நூறாண்டு கழித்து அமெரிக்காவில் ஒரு விவாதம் எழுந்தது. ஒரு காட்டின் இனங்கள் எல்லாம் ஒன்றோடொன்று பிணைந்து, ஓர் உயிர் போலவே வளர்ந்து முதிர்கின்றன என்றார் ஃபிரெடெரிக் கிளெமென்ட்ஸ். ஹென்றி கிளீசன் 1926-இல் இதை மறுத்தார். ஒவ்வோர் இனமும் தன் தேவைக்கு ஏற்ற இடத்தில் தனித்தனியாகத்தான் வளர்கிறது. தேவைகள் ஒத்துப்போகும் இடத்தில் அவை சேர்ந்திருப்பதால் நமக்குக் கூட்டமாகத் தெரிகிறது, அவ்வளவுதான் என்பது அவர் வாதம்.

மலையேறிப் பார்த்தால் பெரும்பாலும் கிளீசன் சொன்னதுதான் கண்ணில் படும். ஒரு மரம் 1,200 மீட்டரில் குறையத் தொடங்கும், இன்னொன்று 1,500 வரை வரும், மூன்றாவது அங்கேதான் தொடங்கும். கோடு போட்டுப் பிரிக்க முடியாது. ஆனால் சோலையின் ஓரத்தில் எல்லாமே ஒரே நேரத்தில் மாறுகிறது. ஆக, ஒரே மலையில் இரண்டு விதமான மாற்றங்கள் நடக்கின்றன: ஒன்று மெல்ல மெல்லக் கலந்து மாறுவது, மற்றொன்று சட்டென்று மாறுவது. இரண்டுக்கும் காரணங்கள் வேறு வேறு.

மேகம் வந்து தங்கும் காடு

கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி மேலே ஏறுகிறது. நூறு மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 0.6 டிகிரி குறையும். ஒரு கட்டத்தில் காற்றிலிருக்கும் ஆவி குளிர்ந்து மேகமாகிவிடும். அந்த மேகம் வானத்தில் மிதக்காமல் மரக்கிளைகளின் மட்டத்திலேயே அடிக்கடி வந்து படியும் இடத்தில் வளர்வதுதான் மேகக்காடு. உலகின் வெப்பமண்டலக் காடுகளில் இவற்றின் பங்கு மிகச் சிறியது. மத்திய அமெரிக்கா, ஆண்டிஸ், கிழக்கு ஆப்பிரிக்கா, போர்னியோ என்று உயர்ந்த மலைகளில் துண்டு துண்டாக இருக்கின்றன. நம் பக்கத்தில் நீலகிரி, பழனி, ஆனைமலை உச்சிகளின் சோலைகளும் இலங்கையின் மலையுச்சிக் காடுகளும் இந்தக் குடும்பம்தான்.

மேகம் மூன்று காரியங்கள் செய்கிறது. முதலாவது, மழை இல்லாத நாளிலும் தண்ணீர் தருகிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகள் இலையிலும் பாசியிலும் ஒட்டி, சேர்ந்து, சொட்டுகின்றன. மேகமூட்டமான நாளில் சோலைக்குள் போனால் மழை பெய்வது போலவே சொட்டுச் சத்தம் கேட்கும். வெளியே வந்து பார்த்தால் மழையே இருக்காது. இரண்டாவது, வெயிலை மறைக்கிறது. வெளிச்சம் குறைந்தால் இலைகள் உணவு தயாரிப்பது குறையும், வளர்ச்சி மந்தமாகும். மூன்றாவது, காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் இலையிலிருந்து நீர் ஆவியாவது குறைகிறது. வேர் வழியாகச் சத்து மேலேறுவதும் அதனால் தாமதப்படுகிறது. போதாக்குறைக்கு, குளிரில் சருகு மக்குவது மெதுவாகவே நடக்கும். மேகக்காட்டு மரங்கள் ஏன் குட்டையாக இருக்கின்றன என்ற கேள்விக்கு விஞ்ஞானிகள் இவை எல்லாவற்றையும் காரணமாகச் சொல்கிறார்கள். உச்சியில் அடிக்கும் காற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு சோலை மரத்தின் கிளையைக் கிட்டத்தில் பாருங்கள். பட்டையே தெரியாத அளவுக்குப் பாசி மூடியிருக்கும். விரலால் அழுத்தினால் தண்ணீர் கசியும். பாசிக்குள் மெல்லிய பெரணிகள் வேர்விட்டிருக்கும். அவற்றின் இலை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெலிந்தது, ஈரக்காற்று இல்லாவிட்டால் சில மணி நேரத்தில் சுருண்டுவிடும். அதன்மேல் விரற்கடை அளவே இருக்கும் ஆர்க்கிட் செடிகள். கிளையின் நுனியில் சாம்பல் பச்சை நிறத்தில் தாடி தாடியாகத் தொங்குவது ஒருவகைப் பாசிக்காளான் (லைக்கன்). செட்டிநாட்டுச் சமையலில் போடும் கல்பாசியும் இதே பாசிக்காளான் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். ஒரே ஒரு கிளையில் ஒரு தாவரச் சமூகமே குடியிருக்கிறது. அந்தக் கிளைக்குள்ளேயும் அடுக்குகள் உண்டு: அடிமரத்தை ஒட்டிய நிழலில் வளர்வது வேறு, காற்றும் வெளிச்சமும் படும் நுனியில் வளர்வது வேறு.

உயரம் ஏறும்போது

மேற்குத் தொடர்ச்சி மலையின் நடு உயரத்தில், சுமார் 700 முதல் 1,400 மீட்டர் வரை, வெடிப்பலாவும் நாங்கும் பாலை வகை மரங்களும் ஓங்கி நிற்கும் பசுமைமாறாக் காடு இருக்கிறது. வால்பாறையைச் சுற்றிலும், களக்காடு மலைகளிலும் இதைப் பார்க்கலாம். மரங்கள் 30 மீட்டருக்கு மேல் வளரும். முட்களோடு கிளையில் காய்க்கும் வெடிப்பலாவை நம்பித்தான் சிங்கவால் குரங்கு ஆண்டின் பெரும்பகுதியைக் கழிக்கிறது.

1,400 மீட்டரைத் தாண்டினால் இந்த உயர்ந்த மரங்கள் ஒவ்வொன்றாக விடைபெறுகின்றன. 1,800-க்கு மேல் கூட்டமே வேறு. லவங்கப்பட்டைக் குடும்பத்து மரங்கள், நாவலின் உறவுக்கார மரங்கள், வெள்ளைப் பூப் பூக்கும் காட்டுச் செண்பகம், ருத்ராட்ச மரத்தின் உறவான விக்கிப்பழ மரம் ஆகியவை முன்னுக்கு வருகின்றன. மர உயரம் பாதியாகி, பல இடங்களில் 15 மீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. அடிமரம் முறுக்கேறி வளைந்திருக்கும். இலை சிறுத்து, தடித்து, தோல் போல் இருக்கும். கீழ்க்காட்டில் இருப்பது போல ஒருசில மரங்கள் மட்டும் மற்றவற்றைத் தாண்டி வானுக்கு நீட்டிக்கொண்டு நிற்பதில்லை. எல்லா உச்சிகளும் ஒரே மட்டத்தில் நெருங்கிப் பின்னிக்கொள்கின்றன. கொழுந்து விடும் பருவத்தில் சோலையைத் தூரத்திலிருந்து பார்ப்பது பெரும் இன்பம். இளந்தளிர்கள் சிவப்பும் செம்பும் ஊதாவுமாக வரும். கடும் வெயிலிலிருந்து இளம் இலையைக் காப்பதில் அந்த நிறமிக்குப் பங்கு இருக்கிறது என்று கருதுகிறார்கள்.

எந்த உயரத்தில் இந்த மாற்றம் நடக்கும் என்பது எல்லா மலைக்கும் ஒன்றல்ல. பெரிய மலைத்தொகுதி பகலில் நிறைய வெப்பத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். அதனால் அங்கே மேகக்காடு அதிக உயரத்தில் தொடங்கும். தனியாக, கூர்மையாக, கடலுக்கு அருகில் நிற்கும் மலையில் மேகம் தாழ்வாகவே படியும். பொதிகையின் அகத்தியமலை உச்சி 1,868 மீட்டர்தான், ஊட்டி நகரத்தைவிடத் தாழ்வு. ஆனாலும் அதன் உச்சியில் காற்றில் குறுகிப்போன குட்டை மரங்களைப் பார்க்கலாம். அந்த மலையின் செங்குத்துப் பாறைகளில் வரைக்கமுகு என்ற அழகான பனை வகை மேகத்தில் நனைந்தபடி நிற்கும். வேறு மரம் காலூன்ற முடியாத அந்தச் சரிவுதான் அதற்குப் பாதுகாப்பு.

எந்தப் பக்கம் என்பதும் முக்கியம்

நீலகிரியின் மேற்கு விளிம்பு தென்மேற்குப் பருவக்காற்றை நேராக வாங்குகிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. அதே மலையின் வடக்கே, சீகூர்ப் பக்கம், பல இடங்களில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையைச் சேர்த்தாலும் அவ்வளவு வருவது அரிது. இரண்டு இடங்களுக்கும் நடுவில் ஒரு மலைமுகடு, அவ்வளவுதான். காற்று மேற்கிலேயே ஈரத்தைக் கொட்டிவிட்டு, காய்ந்துபோய் வடக்கே இறங்குகிறது. கிழக்கே கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்துக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய ஆதாரம். ஆகவே கோத்தகிரியின் லாங்வுட் சோலையும் மேற்கு விளிம்பின் முக்குர்த்திச் சோலையும் இரண்டும் சோலை என்றே அழைக்கப்பட்டாலும், ஈரம் வரும் மாதம் வேறு, உயரம் வேறு, மரங்களின் விகிதமும் வேறு. ஏதோ ஒரு சோலையைப் பார்த்துவிட்டு எல்லாச் சோலையும் இப்படித்தான் என்று முடிவு கட்டக் கூடாது.

ஒரு பள்ளத்தாக்கில் நூறு மீட்டர் நடை

இதுவரை சொன்னவை மெல்ல மாறும் மாற்றங்கள். இப்போது அந்தக் கூர்மையான எல்லைக்கு வருவோம்.

மேல் நீலகிரியில் ஒரு சிறு பள்ளத்தாக்கின் அடியிலிருந்து முகடு வரை நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அடியில் தட்டையான இடம் இருந்தால் அது சதுப்பு. கோரைகள் வளர்ந்திருக்கும், ஈர மண்ணில் பூச்சி பிடிக்கும் சிறு செடியான டிரோசிரா, ஒட்டும் துளிகளோடு நிற்கும். மண்ணில் நைட்ரஜன் குறைவு, அதை அது பூச்சியிலிருந்து எடுத்துக்கொள்கிறது. மக்காத தாவர எச்சங்கள் இங்கே அடுக்கடுக்காகக் கரிய மண்ணாகப் படிந்திருக்கும்.

ஓடை வெட்டிய மடிப்பில் சோலை. ஓடையை ஒட்டி மரப்பெரணிகள் விசிறி விரிக்கும். பாறையில் காசித்தும்பை வகைகள் பூத்திருக்கும். மண் ஆழமாக, கறுப்பாக, ஈரமாக இருக்கும். சோலையின் உள்தரையில் ஆள் உயரத்துக்குக் குறிஞ்சியின் உறவுச் செடிகள் அடர்ந்திருக்கும். அவற்றிலும் பல, ஆண்டுக் கணக்கில் காத்திருந்து ஒரே நேரத்தில் பூத்து, காய்த்து, மடிபவை. அவை மடிந்த பருவத்தில்தான் தரைக்கு வெளிச்சம் வரும். அடியில் காத்திருந்த மரக்கன்றுகளுக்கு அது நல்ல காலம். பெரிய மரம் ஒன்று சாய்ந்தாலும் இதே கதை: வெயில் விழும் அந்த இடைவெளியில் வேகமாக வளரும் இனங்கள் முதலில் வந்து, பிறகு நிழல் தாங்கும் மரங்களுக்கு இடம் விடும். ஆக, ஒரே சோலைக்குள்ளும் ஓடையோரம், சரிவு, இடைவெளி என்று மூன்று தனித்தனிக் கூட்டங்கள்.

சோலையின் விளிம்பு இன்னொரு சமூகம். ஊசிக்களா, தவிட்டுப்பழச் செடி, முள் நிறைந்த காட்டு ராஸ்ப்பெரி எல்லாம் வேலி போல் அடர்ந்து நிற்கும். அவற்றோடு காட்டுப்பூவரசு என்று சொல்லப்படும் ரோடோடெண்ட்ரான். குளிர் முடியும் மாதங்களில் இது ரத்தச் சிவப்பாகப் பூத்துக் குலுங்கும்போது மலையே வேறு நிறமாகிவிடும். விளிம்பைத் தாண்டிப் புல்வெளியின் நடுவில் தன்னந்தனியாக நிற்கும் தைரியம் உள்ள உள்ளூர் மரம் ஏறத்தாழ இது ஒன்றுதான். அதன் தடித்த பட்டை தீயைத் தாங்கும், இலை குளிரைத் தாங்கும். இலங்கை மலைகளை விட்டால், இதன் அடுத்த உறவினர்கள் ஏறத்தாழ இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், இமயமலையில் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் இந்தியா முழுவதும் இன்னும் குளிராக இருந்தபோது வந்த இனங்கள், வெப்பம் கூடியபின் உச்சிகளில் தங்கிவிட்டன என்பது பலர் ஏற்கும் விளக்கம்.

அதற்கு மேல் சரிவு முழுதும் புல். புல் என்றவுடன் ஒரே இனம் என்று நினைத்துவிட வேண்டாம். பல வகைப் புற்களுக்கு இடையே, மழைக்குப் பிறகு இளஞ்சிவப்புக் கதிராக நிற்கும் தரை ஆர்க்கிட்கள், வெள்ளை எக்காளமாக மலரும் நீலகிரி லில்லி, 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி. 2006, 2018 ஆண்டுகளில் மூணாறு மலைகளை நிறைத்த அந்தப் பூ, சோலைக்குள் வளர்வதில்லை. வெயிலும் காற்றும் அடிக்கும் திறந்த சரிவுதான் அதன் வீடு. முகட்டில் மண் மெலிந்து பாறை எட்டிப் பார்க்கும் இடத்தில் புல்லும் குட்டையாகிவிடும்.

மரங்கள் ஏன் புல்வெளிக்கு வரவில்லை?

பறவைகள் சோலைப் பழங்களைத் தின்று எங்கும் விதை போடுகின்றன. மழைக்குக் குறைவில்லை. பின் ஏன் புல்வெளியில் சோலை மரம் முளைத்து வளரவில்லை?

இந்தக் கேள்வி 1938-இலேயே காரசாரமாக விவாதிக்கப்பட்டது. வன அதிகாரி சி. ஆர். ரங்கநாதன் உறைபனிதான் காரணம் என்றார். புல்வெளியும் சோலையும் இரண்டுமே இயற்கையானவை, இரண்டுமே நிலையானவை என்பது அவர் முடிவு. தாவரவியலாளர் என். எல். போர் அதை ஏற்கவில்லை. தீயும் மேய்ச்சலும்தான் காட்டைப் புல்வெளியாக வைத்திருக்கின்றன, அவற்றை நிறுத்தினால் மரங்கள் திரும்பும் என்றார்.

நீலகிரிக்காரர்களுக்கு உறைபனியைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மழை ஓய்ந்ததும் முதலில் நீர்ப்பனி, பிறகு டிசம்பர், ஜனவரியில் உறைபனி. தெளிந்த வானம், அசையாத காற்று உள்ள இரவில் தரை தன் வெப்பத்தை மேலே இழந்துகொண்டே இருக்கும். கனமான குளிர்காற்று சரிவில் வழிந்து தாழ்வான திடல்களில் தேங்கும். விடியற்காலையில் தலைக்குந்தா, காந்தல் பக்கம் புல்தரை வெள்ளை வெளேரென்று இருக்கும். வண்டிகளின் மேல் ஐஸ் படிந்திருக்கும். தேயிலைக் கொழுந்து கருகும்.

இப்போது அந்தப் புல்வெளியில் ஒரு மரக்கன்று இருப்பதாக நினைத்துப் பாருங்கள். அதன் வளரும் குருத்து தரையிலிருந்து ஓரடி உயரத்தில், குளிர் மிகக் கடுமையாக இருக்கும் காற்றில் நீட்டிக்கொண்டிருக்கிறது. இரவில் அதன் திசுக்களில் நீர் உறைகிறது. காலையில் பளீரென்று வெயில் அடிக்கும்போது, குளிரில் செயலிழந்த இலை அந்த ஒளியைத் தாங்க முடியாமல் இரண்டாவது முறை அடிபடுகிறது. புல்லுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அதன் குருத்து மண்ணோடு மண்ணாக, பழைய தாள்களுக்கு நடுவில் மறைந்திருக்கிறது. மேலே உள்ளது கருகினாலும் மழை வந்ததும் அடியிலிருந்து துளிர்க்கும். தீ வந்தாலும் அப்படியே.

சோலைக்குள்ளோ நிலைமை தலைகீழ். பின்னிக் கிடக்கும் மர உச்சிகள், தரையின் வெப்பம் வானத்துக்குத் தப்பாமல் போர்வை போல் பிடித்துவைக்கின்றன. அடியில் இருக்கும் கன்று உறைவதில்லை. அதாவது சோலை இருந்தால்தான் சோலைக்கன்று பிழைக்கும். புல் இருந்தால் புல்லே நீடிக்கும். இதனால்தான் எல்லை அவ்வளவு கூர்மையாக இருக்கிறது. நடுவில் பாதிக்காடு, பாதிப்புல் என்று ஒன்று நிலைக்க வழியில்லை. இரண்டும் தத்தம் சூழலைத் தாமே உண்டாக்கிக்கொள்கின்றன.

இதை வெறும் ஊகமாக விடாமல் களத்தில் சோதித்துப் பார்த்தார்கள். 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், சோலை மரக் கன்றுகளையும் வெளிநாட்டுச் சீகை (வாட்டில்) மரக் கன்றுகளையும் புல்வெளியில் நட்டுக் கவனித்தார்கள். சோலைக் கன்றுகள் பெரும்பாலும் புல்வெளிக் குளிரைத் தாங்கவில்லை. சீகை தாங்கியது. உறைபனியைப் பொறுத்தவரை ரங்கநாதன் பக்கம் வலுவான சான்று கிடைத்துவிட்டது. தீக்கும் மேய்ச்சலுக்கும் பங்கே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. குளிர் தொட்டதைத் தீ முடித்துவைக்கவும் செய்யும்.

காடழிந்துதான் புல்வெளி வந்தது என்ற எண்ணத்துக்கு இன்னொரு பதில், முன்பு சொன்ன சதுப்பின் கரிய மண்ணில் கிடைத்தது. புற்களில் பலவும் கார்பனைப் பிடிக்கும் முறை மரங்களின் முறையிலிருந்து வேறுபட்டது. அந்த வேறுபாடு மண்ணில் மிஞ்சும் கார்பனில் பதிந்திருக்கும். ராமன் சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் நீலகிரிச் சதுப்பு மண்ணை இப்படி ஆராய்ந்து 1993-இல் வெளியிட்டார்கள். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு, பனியுகத்தின் வறண்ட காலத்தில், இங்கே புல்வெளி ஓங்கியிருந்தது. பின்னர் பருவமழை வலுத்தபோது ஈரம் விரும்பும் தாவரங்கள் பெருகின. விவசாயம் இந்த மலைக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே இங்கே புல்வெளி இருந்திருக்கிறது. எல்லை அவ்வப்போது மேலும் கீழும் நகர்ந்திருக்கிறது, ஆனால் இரு தரப்பும் காலம்காலமாக இருந்துவருகின்றன.

இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளியிலும், 2,100 மீட்டர் உயரத்தில், இதே காட்சி: குட்டை மரக்காடு, அதை ஒட்டிப் புல்வெளி, ஓரத்தில் சிவப்பு ரோடோடெண்ட்ரான். இனங்கள் பல வேறு, ஆனால் அமைப்பு ஒன்றே.

நீங்களே பார்ப்பது எப்படி?

ஆய்வாளர்கள் செய்வது எளிமையானது. புல்வெளியில் தொடங்கிச் சோலையின் உள்ளே வரை ஒரு கயிற்றை நேராக இழுத்துக் கட்டுவார்கள். குறிப்பிட்ட இடைவெளிகளில் ஒரு சதுரம் அளந்து, அதற்குள் இருக்கும் இனங்களை எல்லாம் எழுதுவார்கள். மரமானால் மார்பு உயரத்தில், அதாவது தரையிலிருந்து 1.3 மீட்டரில், சுற்றளவு எடுப்பார்கள். மண் ஆழம், ஈரம், வெளிச்சம், இரவு வெப்பம் எல்லாம் கூடவே பதிவாகும். இனங்களின் பட்டியல் எந்தச் சதுரத்தில் தடாலென்று மாறுகிறதோ அங்கே எல்லை. சோலைகள் பெரும்பாலும் காப்புக்காடுகள், அனுமதி இல்லாமல் நுழைய முடியாது. ஆனாலும் சாலையோரத்தில் நின்றே பல விஷயங்களைக் கவனிக்கலாம். மரங்கள் நிற்பது மடிப்பிலா முகட்டிலா? ஓர மரங்களின் உச்சி எந்தத் திசைக்குச் சாய்ந்திருக்கிறது? பாசி அடிமரத்தின் எந்தப் பக்கம் தடித்திருக்கிறது? காற்றும் மேகமும் எங்கிருந்து வருகின்றன என்று மரமே சொல்லிவிடும்.

எல்லையைக் கடந்த மரம்

மேலே சீகை மரம் குளிரைத் தாங்கியது என்று ஒரு வரியில் கடந்துவிட்டேன். உண்மையில் இந்த மலையின் இன்றைய பெரிய கவலை அதுதான்.

19-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட சீகையும் கற்பூர மரமும், பின்னர் பைனும், புல்வெளிகளில் பெரும் பரப்பில் நடப்பட்டன. முதலில் விறகுக்கு, பிறகு தோல் பதனிடும் பட்டைக்கும் காகிதக் கூழுக்கும். மரமில்லாத இடம் என்றால் வீணாகக் கிடக்கும் இடம் என்ற நினைப்பு அதற்குப் பின்னால் இருந்தது. இது பெரும் தவறு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. புல்வெளி மரம் வராத குறை நிலமல்ல. சோலைக்குச் சமமான, அதே அளவு பழமையான தாவரச் சமூகம். பழனி மலையில் நாற்பது ஆண்டுகளில் புல்வெளியின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தோப்புகளுக்கும் விவசாயத்துக்கும் போய்விட்டதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டுகின்றன. புல் போனால் குறிஞ்சி போகும், வரையாட்டின் மேய்ச்சல் போகும், தோடர்கள் தங்கள் கோயில்களுக்குக் கூரை வேயும் புல்லும் போகும்.

சீகை வெட்டிய இடத்தில் மீண்டும் முளைக்கும். அதன் விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். பூமி சூடாகி உறைபனி நாட்கள் குறைந்தால், மரங்களைத் தடுத்துவைத்திருக்கும் அந்த எல்லை இன்னும் தளரும். அப்போது முதலில் முந்திக்கொண்டு உள்ளே வருவது மெதுவாக வளரும் சோலை மரமாக இருக்காது, ஏற்கெனவே அங்கே காலூன்றிவிட்ட சீகையாகத்தான் இருக்கும்.

அப்படியானால் அத்தனை சீகையையும் வெட்டித் தள்ளிவிடலாமா? இங்கேதான் இடத்துக்கு இடம் பார்த்து முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. சோலையை ஒட்டிய முதிர்ந்த தோப்புகள் சிலவற்றின் நிழலில், உறைபனி படாத அந்தத் தரையில், சோலைக் கன்றுகள் முளைத்து வளர்ந்துகொண்டிருக்கின்றன. அவற்றின் மேலிருக்கும் மரத்தை ஒரே நாளில் வெட்டினால் கன்றுகளும் வெயிலிலும் குளிரிலும் போகும். அங்கே பொறுமையாக, சிறிது சிறிதாக மேல்மரத்தைக் குறைப்பதே நல்லது. திறந்த சரிவில் புதிதாகப் பரவும் சீகையை மட்டும் கன்றாக இருக்கும்போதே, புல்லின் வேர் மண்ணில் உயிரோடு இருக்கும்போதே, பிடுங்கிவிட வேண்டும்.